பேரேடு சாட்சி சொல்லும்போது

பங்குத்தந்தை என்ற பெயரிலேயே ‘பங்கு’ என்னும் சொல் அமைந்துவிட்டதாலோ என்னவோ, சொத்தைப் பங்கு பிரிப்பதற்கும் மக்கள் நம்மைத் தேடி வருகின்றனர். சகோதரன் தன்னோடு சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லும்படி ஒருவன் கேட்டபோது, ஆண்டவரே நடுவராயிருக்க இசையவில்லை என்பதை லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆகையால் நாமும் அப்பொறுப்பை ஏற்பதில்லை. எனினும் வருவோரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுகிறோம்: “கணக்கைப் பார்த்தீர்களா?” பெரும்பாலும் மௌனமே பதிலாக வருகிறது.

நிலமாயின் சர்வேயர் அளந்து கல் நட்டுவிடுவார். நகையாயின் ஆசாரியின் தராசு இருக்கிறது. வீடாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் வழிகாட்டி மதிப்பு என்று ஏதோ ஒன்றாவது கிடைக்கும். ஆனால் தகப்பனார் நாற்பதாண்டு உழைத்து உருவாக்கிய கடை, பட்டறை, கூட்டு வியாபாரம், கம்பெனிப் பங்கு ஆகியவற்றுக்கு அளவுகோல் யாது? கடையை நடத்தி வரும் மூத்த மகன் ஒரு தொகையைச் சொல்வார். அயலூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையும், இளவயதில் கணவனை இழந்த தம்பி மனைவியும் அதனைப் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுவர். அத்தொகை எவ்வாறு வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் பாசம் குறைந்துவிட்டதாக எண்ணப்படுமோ என்ற அச்சம். சில ஆண்டுகள் சென்று, அதே கடை மூன்று கிளைகளாய் விரிந்திருப்பதைக் காணும்போது கசப்புப் பிறக்கிறது. நல்லது கெட்டதற்குக்கூடப் போக்குவரத்து நின்றுவிடுகிறது.

இத்தகைய பிணக்குகள் நீதிமன்றம் ஏறும்போது இருவகை வல்லுநர்கள் துணைக்கு அழைக்கப்படுகின்றனர். ஏடுகளை ஆராய்ந்து, எழுதப்பட்டது உண்மைதானா, எழுதப்படாமல் விடுபட்டது ஏதேனும் உண்டா எனக் கண்டறிபவர் ஒருவர். அவர் செய்வதைத் தடயக் கணக்காய்வு என்கின்றனர். அத்தொழில் குறிப்பிட்ட ஒரு நாளில் என்ன விலை பெறும் எனக் கணித்துரைப்பவர் மற்றவர். அவர் செய்வது தொழில் மதிப்பீடு. பெயர்கள் புதியவை. ஆயினும் செட்டிநாட்டு மண்ணில் வாழ்வோர்க்கு இவை முற்றிலும் அந்நியமானவை அல்ல.

ஐந்தொகை எழுதிய மண்

காரைக்குடியை ஒட்டிய அரியக்குடி என்றதும் சங்கீதப் பிரியர்களுக்கு இராமாநுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். மற்றோர்க்குத் திருவேங்கடமுடையான் கோயிலும் பித்தளைக் குத்துவிளக்கும் நினைவுக்கு வரும். கணக்கறிந்தவர் கண்ணுக்கோ இவ்வட்டாரம் முழுவதும் ஒரு பெரிய கணக்குப் பள்ளி. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், பர்மாவில் மட்டும் அவர்களுக்கு ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய தொகை சுமார் 75 கோடி ரூபாய் என்றும் 1929-30இல் ஆய்வு செய்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணித்தது.

முதலாளி இங்கே, கடை கடலுக்கு அப்பால். இடையில் நின்று இருவரையும் பிணைத்தது ஏடு. கடையை நடத்தும் மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்துக்கு அனுப்பப்படுவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிகள் உண்டு. அன்றாட நடவடிக்கைகள் குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குச் செல்லும். பேரேட்டின் நிலுவைகள் திரண்டு ஐந்தொகையாகும். ஒரு தொகையை மறைக்க எண்ணுபவன் ஓரிடத்தில் பொய் எழுதினால் போதாது. அதே பொய்யைப் பல இடங்களில், ஒரே தேதியில், ஒரே கூட்டல் வரும்படி எழுத வேண்டும். அதுவும் மூன்றாண்டு முடிந்து அடுத்த மேலாள் வந்து பொறுப்பேற்கும்வரை நிலைத்து நிற்கும்படி எழுத வேண்டும். அந்நாளில் சிறுவர்கள் முந்திரி, காணி, மா என்று பின்ன வாய்பாட்டை மனப்பாடம் செய்தனர். முந்திரி என்பது ஒன்றை 320 கூறாக்கியதில் ஒரு கூறு. அம்முந்திரியும் தவறாமல் கணக்கில் வந்தாக வேண்டும் என்பது மரபு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒதுக்கிய மகமைத் தொகை தனிக் கணக்காக ஏட்டில் நிற்கும். கடைப் பெட்டியில் கலந்திருந்தாலும் அது முதலாளியின் பணம் அன்று. இன்றைய மதிப்பீட்டாளர் கேட்கும் முதற் கேள்வியும் ஏறக்குறைய இதுவே: பெட்டியில் இருப்பதில் உம்முடையது எவ்வளவு?

இரட்டைப் பதிவு முறையை ஐரோப்பாவில் முதன்முதலாக அச்சுநூலில் விரிவாக விளக்கியவர் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி என்பதை நம் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வர். 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அவருடைய கணித நூல் வெளிவந்தது. வணிகரின் முதல் ஏடுகள் சிலுவை அடையாளத்துடன் தொடங்க வேண்டும் என்று அவர் எழுதுகிறார். இங்கே நகரத்தார் ஏடு பிள்ளையார் சுழியோடு தொடங்கும். இறைவனை முன்வைத்துத் தொடங்கிய ஏட்டில் பொய் எழுதக் கை கூசும் என்று இரு நாட்டாரும் எண்ணினர் போலும். கை கூசாதவர்களும் இரு நாட்டிலும் இருந்தனர் என்பதற்கு நீதிமன்றங்களே சாட்சி.

ஏடு மட்டும் போதுமா?

“எல்லாம் கணக்கில் இருக்கிறது” என்று ஒருவர் பேரேட்டைத் தூக்கி மேசைமீது வைத்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழில் நடைமுறையில் ஒழுங்காக எழுதி வரப்பட்ட கணக்கேடுகளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஆனால் அவற்றை மட்டும் கொண்டு ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்றும் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்திலும் 28ஆம் பிரிவாக இதே விதி தொடர்கிறது.

இவ்விதியின் கூர்மை நாடறிந்த ஒரு வழக்கில் வெளிப்பட்டது. ஜெயின் சகோதரர்களிடம் 1991இல் கைப்பற்றப்பட்ட குறிப்பேடுகளில் அரசியல் தலைவர்கள் பலரின் பெயர்ச்சுருக்கங்களும் தொகைகளும் காணப்பட்டன. அதுவே ஹவாலா வழக்கு. 1998இல் உச்ச நீதிமன்றம், நோட்டுப் புத்தகங்களைக் கணக்கேடு எனக் கொள்ளலாம், உதிரித் தாள்களை அவ்வாறு கொள்ள முடியாது என்று பிரித்துக் காட்டியது. அக்குறிப்பேட்டுப் பதிவுகளும் வேறு தனிச் சான்று துணை நில்லாத நிலையில் பிறர்மீது குற்றம் சாட்டப் போதுமானவை அல்ல என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் மனம் வருந்தியோர் பலர். ஆனால் சற்றே சிந்தித்தால், நம் பெயரை யாரோ ஒருவர் தம் நோட்டில் எழுதி, எதிரே ஒரு தொகையையும் போட்டுக்கொண்டால் நாம் கடனாளியாகிவிடலாகாது அன்றோ? சட்டத்தின் இத்தயக்கம் நியாயமானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஏட்டுக்கு வெளியே நின்று ஏட்டைச் சோதிப்பவர் தேவைப்படுகிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 11ஆம் விதி, கணக்குகளை ஆராய்வதற்கென ஆணையரை நியமிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இத்துறையில் ஈடுபடும் பட்டயக் கணக்காளர்கள் பின்பற்ற வேண்டிய தடயக் கணக்காய்வு நெறிமுறைகளை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வகுத்து, 2023 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியுள்ளது.

விளக்குப் பட்டறைக் கணக்கு

அவர் எவ்வாறு சோதிக்கிறார்? அரியக்குடியில் ஒரு குத்துவிளக்குப் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் தம்பி இருவரும் சமபங்குக் கூட்டாளிகள். தம்பி திடீரென இறந்துபோகிறார். அவர் மனைவியும் இரு சிறு பிள்ளைகளும் நிற்கின்றனர். அண்ணன் கணக்கேட்டைக் காட்டுகிறார். விற்பனை குறைவு, இலாபம் சொற்பம்.

ஆய்வாளர் பணத்தைப் பார்ப்பதற்கு முன் பித்தளையைப் பார்க்கிறார். ஆண்டின் தொடக்கத்தில் இருப்பு 500 கிலோ. ஆண்டுக்குள் வாங்கியது 3,000 கிலோ. ஆண்டு முடிவில் இருப்பு 600 கிலோ. ஆகவே உலைக்குச் சென்றது 2,900 கிலோ. உருக்கும்போதும் அராவும்போதும் நூற்றுக்கு ஐந்து கழிவு என்று பட்டறைக்காரர்களே ஒப்புக்கொள்வதாகக் கொள்வோம். 145 கிலோ போயிற்று. எஞ்சிய 2,755 கிலோ விளக்காக வெளியேறியிருக்க வேண்டும். விற்பனைச் சீட்டுகளிலோ 2,200 கிலோதான் இருக்கிறது. 555 கிலோ விளக்குகள் எங்கே?

பணத்தை ஏட்டில் மறைக்கலாம். எடையை மறைப்பது கடினம். மின்சாரக் கட்டணம், உலைக்கு வாங்கிய கரி, வார்ப்பாட்களின் கூலி, லாரி வாடகை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிச் சாட்சிகள். அவை ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொள்ளாதவை. ஆதலால் அவை ஒத்துப்போனால் உண்மை. ஏடு மட்டும் தனித்து நின்றால் ஐயம்.

ஆனால் நல்ல ஆய்வாளர் இவ்விடத்தில் அவசரப்பட்டு அண்ணனைத் திருடன் என எழுதிவிடமாட்டார். பழைய விளக்கை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் வழக்கம் இருக்கலாம். வேலையாள் கையாடியிருக்கலாம். கோயிலுக்கோ மாதா கெபிக்கோ நேர்ச்சையாக வார்த்துக் கொடுத்த விளக்குக்குச் சீட்டே போடாதிருக்கலாம். கழிவு விகிதமே அவ்வாண்டு கூடுதலாயிருக்கலாம். இத்தனைக்கும் விளக்கம் கேட்ட பின்னரே, எஞ்சியதை எழுதாத விற்பனை என்பார். குற்றம் செய்தாரா என்று முடிவு கூறுவது நீதிபதியின் வேலை. எண்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்று உரைப்பதே ஆய்வாளரின் எல்லை.

எண்களைக் கொண்டே எண்களை ஐயுறும் வழியும் ஒன்று உண்டு, கேட்பதற்கே வியப்பாயிருக்கும். மடக்கை வாய்பாட்டு நூல்களில் முதற்பக்கங்களே அதிகம் அழுக்கேறியிருப்பதை 1881இல் சைமன் நியூகோம் என்ற வானியலார் கவனித்தார். 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்ற இயற்பியலார் அதனை விரிவாக ஆராய்ந்தார். இயல்பாக உருவாகும் பலவகைத் தொகைகளில் 1 என்ற இலக்கத்தில் தொடங்குபவை நூற்றுக்கு 30 வரை இருக்கும். 9இல் தொடங்குபவை ஐந்துகூட இரா. மனிதன் கற்பனையாகத் தொகை எழுதும்போது எல்லா இலக்கங்களையும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பிவிடுகிறான். அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. ஆயினும் பல்லாயிரம் பதிவுகள் உள்ள பெரிய கணக்குகளுக்கே இது பொருந்தும். நம் விளக்குப் பட்டறைக்குப் பித்தளைத் தராசே மேல்.

எண்கள் ஒத்திருந்தும் ஏமாந்த கதைக்குச் சத்யம் நிறுவனம் போதும். 2009 ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் இராமலிங்க ராஜுவே எழுதிய கடிதத்தின்படி, ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருந்தன, பணந்தான் இல்லை. வங்கி இருப்புக்கான சான்றை நிறுவனத்தின் கையால் வாங்காமல் வங்கியிடமிருந்தே நேராகப் பெற வேண்டும் என்ற பழைய பாடத்தின் அருமை அன்று நாடு முழுவதற்கும் புரிந்தது. அமெரிக்காவில் துப்பாக்கிக்கு அகப்படாத அல் கபோன் 1931இல் பதினோராண்டுச் சிறைத்தண்டனை பெற்றது வருமானவரிக் கணக்கால் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

என்ன விலை, எந்த நாளில்?

நிற்க. ஏடு நேர்மையானதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பிணக்கு தீர்வதில்லை. நேர்மையான இருவர் நடுவிலேயே பெரும் வேறுபாடு எழுவது மதிப்பீட்டில்தான். குடும்பங்கள் பிளவுபடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அதே பட்டறை ஏட்டின்படி: இடமும் கொட்டகையும் ரூ. 1,00,000, பித்தளையும் விளக்குகளுமாகச் சரக்கு ரூ. 6,00,000, வரவேண்டிய கடன் ரூ. 5,00,000. கொடுக்க வேண்டியது ரூ. 2,00,000. எஞ்சுவது 10 இலட்சம். “தம்பி பங்கு ஐந்து இலட்சம், ஒரு காசும் குறைக்கவில்லையம்மா” என்கிறார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. ஏடு அதைத்தான் சொல்கிறது.

மதிப்பீட்டாளர் வருகிறார். இடத்தின் விலை பல்லாண்டுகளுக்கு முன் வாங்கிய விலை. இன்று 14 இலட்சம் பெறும். சரக்கும் வாங்கிய விலையில் நிற்கிறது. இன்றைய விலையில் 8 இலட்சம். வரவேண்டிய கடனில் ஒரு இலட்சம் வாராக்கடன். ஆக 4 இலட்சம். கொடுக்க வேண்டிய 2 இலட்சம் போக நிகரம் 24 இலட்சம். இது பொருளின் விலை.

அடுத்து, தொழிலின் விலை. பட்டறை ஆண்டுக்கு 6 இலட்சம் ஈட்டுகிறது. இதில் அண்ணனின் உழைப்புக்கு, வெளியாள் ஒருவரை வைத்தால் கொடுக்க வேண்டிய 3 இலட்சத்தைக் கழித்துவிட வேண்டும். அது அவருடைய வியர்வை, பங்குக்குரியது அன்று. எஞ்சுவது 3 இலட்சம். 24 இலட்சம் முதலுக்கு நூற்றுக்குப் பத்து நியாயமான வருவாய் எனக் கொண்டால் 2,40,000. மிச்சம் ரூ. 60,000. பெயருக்கும் நம்பிக்கைக்குமாக வாடிக்கையாளர் தேடி வருவதால் கிடைக்கும் மிகுதி இதுவே. மூன்றாண்டு மிகுதியை விலையாகக் கொண்டால் ரூ. 1,80,000. இதற்கு நன்மதிப்பு என்று பெயர். மொத்தம் ரூ. 25,80,000, பாதி ரூ. 12,90,000. ஐந்து இலட்சம் எங்கே, ஏறக்குறைய பதின்மூன்று இலட்சம் எங்கே! அந்த வித்தியாசத்தில் இரு பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு அடங்கியிருக்கிறது.

வருவாய் விகிதம் பத்தா, பதினைந்தா? மூன்றாண்டா, ஐந்தாண்டா? இங்கே வல்லுநர்களும் மாறுபடுவர். ஆனால் நன்மதிப்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 1932ஆம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டம் 14ஆம் பிரிவில் அதனை நிறுவனத்தின் சொத்தாகவே சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது இறந்த கூட்டாளியின் வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு என 1970இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. “பெயர் என்னுடையது, பழக்கம் என்னுடையது” என்ற வாதத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாதி உண்மை. மற்றப் பாதி இறந்தவருடையது.

எந்த நாளில் மதிப்பிடுவது என்பதும் சிறு செய்தி அன்று. பர்மா இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 1930ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது நகரத்தார் கடைகளின் பேரேட்டில் கடன் தொகைகள் அப்படியே நின்றன. கடனாளிகளால் கொடுக்க முடியவில்லை. ஈடாக இருந்த வயல்கள் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1930களின் இறுதியில் அது 25 பங்காயிற்று. பணமாகச் சென்றது மண்ணாகத் திரும்பியது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பு. பின்னர் விடுதலை பெற்ற பர்மா 1948இல் இயற்றிய நிலத் தேசியமயச் சட்டம். ஏட்டின் எண்கள் எவையும் அழியவில்லை. அவற்றின் மதிப்புப் போய்விட்டது. 1929இல் பங்கு வாங்கிக்கொண்டு விலகியவரும் 1949இல் பங்கு கேட்டவரும் ஒரே பேரேட்டைக் காட்டியிருக்கலாம். கையில் பெற்றதோ வேறு.

பள்ளத்தூர்க் குடும்பத்தின் வழக்கு

நம் காலத்தில் இக்கேள்வியை நாடறிய எழுப்பிய வழக்கு ஒன்றும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையதே. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குழுமம் 1900இல் பர்மாவில் கொடுக்கல் வாங்கலில் தொடங்கி, இன்று சைக்கிள், உரம், சர்க்கரை, நிதி எனப் பரந்து நிற்பது. அக்குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு ஆண் மக்கள் இல்லை. குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு அவருடைய மனைவிக்கும் இரு மகள்களுக்கும் உரியதாயிற்று. அவர்கள் கேட்டது இரண்டில் ஒன்று: இயக்குநர் குழுவில் ஓரிடம், அன்றேல் நியாயமான மதிப்பில் பங்குகளை வாங்கிக்கொள்ளுதல். 2020 செப்டம்பரில் கூடிய பங்குதாரர் கூட்டம் மூத்த மகளின் நியமனத்தை நிராகரித்தது. வழக்கு சென்னையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. 2023 ஆகஸ்டில் குடும்பத்தார் தமக்குள் சமரசம் செய்துகொண்டதாக அறிவிக்கப்பட்டது.

யார் சரி என்று நாம் கூற வரவில்லை. நம் கவனத்துக்குரியது ‘நியாயமான மதிப்பு’ என்ற இரு சொற்கள். அம்பாடி பங்குச் சந்தையில் விற்கப்படும் நிறுவனம் அன்று. காலைச் செய்தித்தாளில் அதன் விலையைப் பார்க்க முடியாது. அதன் கையிலோ சந்தையில் விலைபோகும் பிற நிறுவனங்களின் பங்குகள் இருக்கின்றன. அவற்றின் விலையை அப்படியே கூட்டி நூற்றுக்கு எட்டைக் கொடுப்பதா? அல்லது, எட்டுப் பங்கால் எதையும் தீர்மானிக்க இயலாது, வெளியார் எவரும் அவ்விலைக்கு வாங்கமாட்டார், ஆகவே குறைத்துக் கொடுப்பதா? இத்தகைய பிணக்குகள் எல்லாவற்றிலும் எழும் கேள்வி இது. இவ்வாறு குறைப்பதைச் சிறுபான்மைத் தள்ளுபடி என்கின்றனர். கூட்டாளிகளைப் போலவே நடந்துவந்த ஒரு நிறுவனத்தில், விலக நேர்ந்தவரின் பங்கைத் தள்ளுபடியின்றி விகிதப்படியே மதிப்பிட வேண்டும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1984இல் கூறியது. குடும்ப நிறுவனத்துக்கு அதுவே பொருந்தும் என்பது நம் கருத்து. வாங்குபவர் வெளியார் அல்லர். அவர் கையில் அந்த எட்டுப் பங்கு சென்று சேர்ந்தால் அதன் வலிமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

நம் குடும்பங்களுக்கு

கத்தோலிக்கக் குடும்பத் தலைவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும், “மகளுக்குத்தான் சீதனம் கொடுத்தாயிற்றே” என்ற ஒரே வாக்கியத்தால் அது நம் வீடுகளில் ரத்து செய்யப்படுகிறது. சீதனம் கொடுத்த தொகையையும் கணக்கில் எழுதுங்கள், தடையில்லை. ஆனால் மறுபக்கத்தில் பட்டறையின் மதிப்பையும் எழுதுங்கள். இரண்டையும் கண்ட பிறகு அவள் மனமுவந்து விட்டுக்கொடுப்பாளாயின் அது கொடை. காணாமல் இடும் கையொப்பத்துக்கு அப்பெயர் பொருந்தாது.

கூட்டு வியாபாரம் செய்வோர் பத்திரம் எழுதும்போதே, ஒருவர் இறந்தால் அல்லது விலகினால் எந்த நாளில், எம்முறையில், யார் மதிப்பிடுவது, எத்தனைத் தவணையில் கொடுப்பது என்று நான்கு வரி சேர்த்துவிடலாம். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று ஒதுக்குபவர்களே நம்மில் அதிகம்.

வரி சேர்க்காமல் விட்டவர்க்கும் சட்டம் சில வழிகளை வைத்துள்ளது. கணக்குத் தீர்க்காமல் தமையன் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், இறந்தவரின் சொத்து அத்தொழிலில் பயன்பட்ட அளவுக்கு இலாபத்தில் பங்கு, அல்லது அவர் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டி, இவ்விரண்டில் விரும்பியதைக் கேட்கலாம் எனக் கூட்டு வியாபாரச் சட்டத்தின் 37ஆம் பிரிவு கூறுகிறது. இலாபம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே எது மேல் எனத் தேர்ந்தெடுக்க முடியும்? இங்கும் கணக்காய்வே முதற்படி.

இதில் பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. கூட்டாளிகள் இருவர் மட்டுமேயாயின் ஒருவர் இறந்த அன்றே கூட்டு கலைந்துவிடுகிறது. கலைந்த கூட்டின் கணக்கையும் இலாபப் பங்கையும் கேட்டு வழக்குத் தொடுக்க 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தருவது மூன்றே ஆண்டு. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற கோபால செட்டி வழக்கில் 1922இலேயே பிரிவி கவுன்சில் இதில் கண்டிப்புக் காட்டியது: கணக்கே தீர்க்கப்படாத நிலையில், கணக்குக் கேட்கும் காலமும் கடந்துபோனால், பின்னால் கைக்கு வந்த ஒரு தொகையில் மட்டும் பங்கு கேட்டு வர முடியாது. ஆண்டுத் திருப்பலி முடியட்டும், பெரியவர் மனம் இளகட்டும், மகளின் திருமணம் கழியட்டும் என்று காத்திருந்து மூன்றாண்டைக் கடந்துவிடும் விதவைகள் நம் பங்குகளில் உண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. நம் பகுதியினர் சிவகங்கையிலுள்ள மாவட்ட ஆணைக்குழுவை அணுகலாம். போகும்போது கூட்டு வியாபாரப் பத்திரத்தின் நகல், இறப்புச் சான்றிதழ், கடைசி மூன்றாண்டு ஐந்தொகை ஆகியவற்றை எடுத்துச் செல்வது நலம். ஐந்தொகையைத் தமையன் தர மறுத்தாலும் முதல் இரண்டோடு செல்லலாம். ஏடுகளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைக்கும்படி கட்டளையிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.